மேல்மடை கீழ்மடை மாறும் கடல்: பாக் விரிகுடாவின் மாசை இரு கரையும் சேர்ந்து அளப்பது ஏன் அவசியம்?

2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் சில வாரங்களில் கன்னியாகுமரிக் கரையில் ஒதுங்கின. பிறகு தனுஷ்கோடி மணலிலும் இலங்கைக் கரையிலும் அவை கிடைத்தன. அலை ஒதுக்கிவிட்டுப் போகும் பாசி வரிசையைக் கையால் விலக்கினால், நொய் அரிசியைப் போல வெள்ளையாக, 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவில், வழவழப்பாக உருளும் மணிகள் அவை. பிளாஸ்டிக் குடத்துக்கும் பைக்கும் மூலப்பொருள்.

செய்தியைப் படித்தவர்களுக்கு மூன்று கேள்விகள் எழுந்தன. கேரளக் கடலில் மூழ்கிய கப்பலின் சரக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் கடந்து நம் ராமநாதபுரம் கரைக்கு எப்படி வந்தது? அதை அள்ள வேண்டியவர் யார்? நம் கரையைத் தொட்டுவிட்டு மன்னார் பக்கம் போனால் அது யார் கணக்கு? மூன்றுக்கும் பதில் தெரிய, நம் கடலின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

பாதி அடைபட்ட கடல் என்றால் என்ன?

1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, 122-ஆம் பிரிவில் இதற்கு இரண்டு அடையாளங்கள் சொல்கிறது. இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும்.

1. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகள் சூழ்ந்திருக்க, குறுகிய வாய் வழியாக வெளிக்கடலோடு சேரும் வளைகுடா அல்லது கடல்.
2. முழுவதுமோ பெரும்பகுதியோ அந்தக் கரை நாடுகளின் கடல் எல்லைகளுக்குள்ளேயே அடங்கிவிடும் கடல்.

பாக் விரிகுடா இரண்டாவது அடையாளத்துக்கு அப்படியே பொருந்துகிறது. மேற்கே தொண்டி, தேவிபட்டினம், மண்டபம். கிழக்கே மன்னாரும் யாழ்ப்பாணமும். வடக்கே கோடிக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் பாக் நீரிணை என்ற வாய். தெற்கே பாம்பன் தீவும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை 30 கிலோமீட்டர் சொச்சத்துக்கு நீளும் ராமர் பாலத்து மணல்திட்டுகளும் அணைபோலக் கிடக்கின்றன. அந்த அணையில் பாம்பன் கால்வாயும் திட்டுகளின் இடைவெளிகளும்தான் திறப்பு. யாருக்கும் சொந்தமில்லாத பொதுக்கடல் என்று இதற்குள் ஒரு முழம்கூடக் கிடையாது.

மீனவர்கள் இதைப் பெண் கடல் என்பார்கள். பாம்பனுக்குத் தெற்கே உள்ள மன்னார் வளைகுடா ஆண் கடல். ஆழமும் அலையும் அப்படித்தான் இருக்கின்றன. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 10 முதல் 13 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிப் போவதும் இதனால்தான்.

ஆழம் குறைந்தால் கடலில் கலக்கும் கழிவை நீர்த்துப்போகச் செய்யத் தண்ணீரும் குறைவு. அதே ஆழக்குறைவால்தான் வெயில் அடிவரை இறங்கிக் கடற்புல் வளர்கிறது. அந்தப் புல்லை மேய்ந்துதான் ஆவுளியா என்ற கடற்பசு வாழ்கிறது. தண்ணீர் கலங்கினால் முதலில் சாவது அந்தப் புல். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. எதிர்க்கரையிலிருந்து வரும் சேற்றையும் எண்ணெயையும் அந்த அறிவிப்பால் நிறுத்த முடியாது.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

ராமநாதபுரம் கண்மாய்ச் சீமை. மேல்மடைக்காரர் தண்ணீரைக் கெடுத்தால் கீழ்மடைக்காரர் வயல் பாழாகும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடலில் ஒரே ஒரு வேறுபாடு: மேல்மடையும் கீழ்மடையும் ஆண்டுக்கு இரண்டு முறை இடம் மாறிக்கொள்ளும்.

வாடைக் காலத்தில், அதாவது ஐப்பசி முதல் தை வரை, வங்கக் கடல் நீர் பாக் நீரிணை வழியாக உள்ளே வந்து, பாம்பன் கால்வாயிலும் மணல்திட்டுகளின் இடைவெளிகளிலும் தெற்கே இறங்கி மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. காற்று வடகிழக்கிலிருந்து அடிப்பதால் யாழ்ப்பாணப் பக்கம் மிதப்பது நம் கரைக்கு வரும். பாக் விரிகுடாவின் கழிவு, 21 தீவுகளும் பவளப்பாறைகளும் உள்ள மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவுக்கு இறங்குவதும் அப்போதுதான்.

வைகாசி முதல் ஆவணி, புரட்டாசி வரை, தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றின் காலத்தில் எல்லாம் தலைகீழ். நீர் தெற்கிலிருந்து வடக்கே ஏறும். நம் பக்கம் மிதப்பது மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகும். எல்சா 3-இன் குருணைகள் வந்ததும் இந்தப் பருவத்தில்தான். மேற்குக் கரை நீரோட்டம் தென்முகமாகக் குமரி வரை இழுத்து வந்தது. முனையைச் சுற்றியதும் கச்சான் காற்று வடகிழக்கே தள்ளியது. முதல் கேள்விக்கு இதுவே பதில்.

ஆக, ஒரு பருவம் நாம் மேல்மடை, ஒரு பருவம் அவர்கள். எந்த நாடும் எப்போதும் பாதிக்கப்பட்டவராகவோ எப்போதும் குற்றவாளியாகவோ இல்லாத கடல் இது. பேச்சுவார்த்தைக்கு இதைவிட நல்ல அடிப்படை வேறு கடல்களில் அரிது.

எண்ணெய்: கணக்குப் போட்டுப் பார்த்தால்

கடலில் மிதக்கும் எண்ணெய், நீரோட்டத்தின் வேகத்தோடு காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீதத்தையும் சேர்த்துக்கொண்டு நகரும். உலகெங்கும் எண்ணெய்க் கசிவைக் கையாள்பவர்களின் கைக்கணக்கு இது. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று என்றால் எண்ணெய் மணிக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக, நாளொன்றுக்கு 26 கிலோமீட்டர் போகும். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையிலிருந்து கடல் எல்லை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நம் பக்கம் காலையில் கொட்டியது, காற்று அந்தப் பக்கம் இருந்தால், மாலைக்குள் எல்லையைத் தாண்டிவிடும். ஒரு தலைநகரிலிருந்து இன்னொரு தலைநகருக்குக் கடிதம் போவதற்குள் வேலை முடிந்துவிடும்.

கசிவைத் தடுக்க மிதவைத் தடுப்பு கட்டுவார்கள். நீரோட்டத்துக்குக் குறுக்கே நேராகக் கட்டினால், ஓட்டம் நொடிக்கு 35 சென்டிமீட்டரைத் தாண்டியதும் எண்ணெய் தடுப்பின் அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். பாம்பன் கால்வாய் போல ஓட்டம் இழுக்கும் இடத்தில் தடுப்பைச் சாய்வாகக் கட்டி, எண்ணெயை ஓட்டம் குறைந்த ஓரத்துக்கு ஒதுக்கி அங்கே அள்ள வேண்டும். எண்ணெயைச் சிதறடிக்கும் ரசாயனம் தெளிப்பதும் இங்கே கைகொடுக்காது. ஆழக்கடலில் சிதறிய துளிகள் நீர்த்துப்போகும்; 10 மீட்டர் நீரில் அவை நேராகக் கடற்புல்லிலும் பவளத்திலும் படியும். ஆகவே சீக்கிரம் தெரிந்துகொள்வது ஒன்றே இந்தக் கடலுக்கு உண்மையான பாதுகாப்பு.

பெரிய விபத்தை மட்டும் நினைத்தால் போதாது. ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு மைக்ரான் தடிமனில் பரவினால் 1,000 சதுர மீட்டரை மூடும், கால் ஏக்கர். விசைப்படகில் எஞ்சின் ஆயில் மாற்றும்போது வடியும் பழைய ஆயிலும், எஞ்சினுக்கு அடியில் தேங்கி மோட்டாரால் இறைத்து வெளியே விடப்படும் எண்ணெய்த் தண்ணீரும் அன்றாடம் சேர்கின்றன. இறங்குதளத்தில் பழைய ஆயிலை வாங்கிக்கொள்ள ஒரு பீப்பாயும், அதை எடுத்துப்போக ஒருவரும் இருந்தால் இதில் பெரும்பகுதி கடலுக்குப் போகாது. பீப்பாய் நிறைந்த பிறகு எடுக்க ஆள் வராததுதான் இத்தகைய ஏற்பாடுகள் படுத்துப்போக முக்கியக் காரணம். நிறைந்த பீப்பாயைப் பார்த்த படகுக்காரர் மறுபடி கடலைத்தான் பார்ப்பார்.

கழிவுநீரும் பூங்கோரையும்

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பகுதியில் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கின. மீனவர்கள் பூங்கோரை என்றார்கள். அறிவியல் பெயர் நாக்டிலூகா. ஒரு மில்லிமீட்டர் அளவில், கண்ணுக்குத் தெரியும் ஒற்றைச் செல் உயிரி. பச்சை வகையின் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கும். 2008-லும் இந்தப் பகுதியில் அது பெருகியது.

நஞ்சால் மீன் செத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது பெரும்பாலும் மூச்சுத்திணறல். படிப்படியாகப் பார்க்கலாம்:

1. கழிவுநீர், இறால் பண்ணை நீர், உரம் ஆகியவற்றிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரஸும் கடலில் சேர்கின்றன. மழையும், கடலடி நீர் மேலே வருவதும் இயற்கையாகவே கொண்டுவரும் சத்து தனி.
2. அந்தச் சத்தில் நுண்தாவரங்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று நாக்டிலூகா பெருகுகிறது.
3. காற்றும் ஓட்டமும் குறைந்த நாட்களில் அது மேற்பரப்பில் ஆடைபோலத் திரள்கிறது, செத்து அழுகுகிறது.
4. அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அம்மோனியாவும் வெளியாகிறது. பாறை இடுக்கை விட்டு அகலாத மீன்கள்தான் முதலில் சாகின்றன.

இங்கே வெப்பமும் எதிரி. 30 டிகிரி கடல்நீர் முழுமையாக நிறைந்தாலும் லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் வைத்திருக்கும். 10 டிகிரி நீர் 9 வரை வைத்திருக்கும். 2-க்குக் கீழே போனால் மீன் தாங்காது. குளிர்நாட்டுக் கடலைவிட நம் கடலின் கையிருப்பு ஆரம்பத்திலேயே குறைவு.

இறால் பண்ணையில் அறுவடையின்போது கடைசியாக வடியும் அடிநீரில்தான் சேறும் தீவன மிச்சமும் அதிகம். அதைக் குட்டையில் தேக்கித் தெளியவிட்டு வெளியேற்ற வேண்டும். 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பு வேண்டும் என்பது, 2005-ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின்கீழ் வந்த வழிகாட்டுதல். ஒரே ஓடையில் வரிசையாக 2 ஹெக்டேர் பண்ணைகள் பத்து இருந்தால் ஒன்றுக்கும் அந்தக் கட்டாயம் வராது. ஓடைக்கோ 20 ஹெக்டேர் கழிவு வந்து சேரும். ஓடையை அலகாக வைத்து அளவு நிர்ணயிப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

குருணையும் வலையும்

ஒரு குருணை 20 மில்லிகிராம் என்று கொண்டால் 25 கிலோ மூட்டையில் பன்னிரண்டரை லட்சம் மணிகள். 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து, ஜூன் 2-ஆம் தேதி மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் இருந்தவை சுமார் 1,680 டன். தீயை அணைக்க இந்தியக் கடலோரக் காவல்படைக் கப்பல்களும் போயின. அவசரத்தில் இரு நாடும் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

மணலிலிருந்து குருணையைப் பிரிப்பது சல்லடை வேலை. ஈர மணல் சல்லடையை அடைக்கும் என்பதால் மணல் காய்ந்த பிறகுதான் சலிக்க முடியும். இயந்திரத்தால் மணலைச் சுரண்டினால் குருணை ஆழத்துக்குப் போய்விடும். ஆமை முட்டையிடும் இடமும் கெடும். அலை விளிம்பில் ஒதுங்கிய அன்றே, அடுத்த பெருக்கு வருவதற்குள், மேலோட்டமாக அள்ளுவதே மலிவான வழி.

இதைவிட அன்றாடத் தொல்லை கைவிடப்பட்ட வலை. அறுந்த தங்கூசி (நைலான் இழை) வலை பவளத்தில் சிக்கினால் அலைக்கு அலை உரசி உடைக்கும். வலையைக் கடலில் வீசக்கூடாது என்று கப்பல் மாசுத் தடுப்பு உடன்படிக்கையான மார்போலின் ஐந்தாம் இணைப்பு சொல்கிறது. ஆனால் கிழிந்த வலையைக் கரைக்குக் கொண்டுவந்தால் போட இடம் வேண்டுமே!

சட்டம் என்ன சொல்கிறது, எங்கே மௌனம் சாதிக்கிறது?

கடல் சட்ட உடன்படிக்கையின் 123-ஆம் பிரிவு, பாதி அடைபட்ட கடலின் கரை நாடுகள் மீன்வளம், சூழல் பாதுகாப்பு, ஆய்வு ஆகியவற்றில் ஒருங்கிணைய முயல வேண்டும் என்கிறது. இலங்கை 1994-லும் இந்தியா 1995-லும் அந்த உடன்படிக்கையை ஏற்றன. "முயல வேண்டும்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். முயலாவிட்டால் தண்டனை இல்லை.

இரு நாட்டு எல்லையை வகுத்தவை 1974, 1976 ஒப்பந்தங்கள். எல்லைக்கு அடியில் எண்ணெய் வயலோ எரிவாயு வயலோ குறுக்கே கிடந்தால் இரு நாடும் பேசி உடன்பாடு காண வேண்டும் என்று 1974 ஒப்பந்தத்தில் விதி இருக்கிறது. எல்லைக்குக் குறுக்கே ஓடும் தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

வட்டார அளவில் கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட தெற்காசியக் கூட்டுறவுச் சுற்றுச்சூழல் திட்டம் 1982 முதல் இயங்குகிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு, பாகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளின் தெற்காசியக் கடல்கள் செயல்திட்டம் 1995-இல் ஏற்கப்பட்டது. ஐ.நா.வின் வட்டாரக் கடல் திட்டங்கள் பலவற்றுக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை இருக்க, இதற்குச் செயல்திட்டம் மட்டும்தான். எண்ணெய், ரசாயனக் கசிவை எதிர்கொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தத்துக்கு இந்திய அமைச்சரவை 2018-இல் ஒப்புதல் தந்தது. இந்தியத் தரப்பில் பொறுப்பு கடலோரக் காவல்படைக்கு. இலங்கையில் 2008-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தின்படி கடல் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபைக்கு.

இரண்டாவது கேள்விக்கான பதிலும் இங்கே இருக்கிறது. கடலில் இருக்கும் வரை கடலோரக் காவல்படை ஒருங்கிணைக்கும். கரையில் ஒதுங்கியதும் மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும் அள்ள வேண்டும். செலவைக் கப்பல் தரப்பிடம் பிறகு கேட்க வேண்டும். சிக்கல் அந்தப் "பிறகு"வில். பிளாஸ்டிக் குருணை சர்வதேச விதிகளில் அபாயச் சரக்காக வகைப்படுத்தப்படவில்லை. 2024-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு வெளியிட்டது பரிந்துரை மட்டுமே. இழப்பீடு கேட்பவர், விபத்துக்கு முன் கரை எப்படி இருந்தது என்று காட்ட வேண்டும். முன்பே அளந்து வைக்காதவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

பால்டிக் கடலில் என்ன செய்தார்கள்?

பால்டிக்கும் ஆழம் குறைந்த, குறுகிய வாய் கொண்ட கடல். அதன் நீர் முழுக்க மாறச் சுமார் 30 ஆண்டு ஆகும். 1974-இல், பனிப்போர் நடுவே, சோவியத் ஒன்றியம், போலந்து, கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி, டென்மார்க், சுவீடன், பின்லாந்து என ஏழு நாடுகள் ஹெல்சிங்கியில் கையெழுத்திட்டன. ராணுவப் பகை தீர்ந்து அவை ஒன்றுசேரவில்லை. பகையை ஒதுக்கிவைத்துவிட்டு அளவீட்டைப் பேசின. 1979 முதல் ஒரே முறையில் கூட்டுக் கண்காணிப்பு நடந்தது. அதன் பிறகு, 1992-இல் மோசமான மாசு இடங்கள் 132 என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டார்கள்.

மத்தியதரைக் கடல் நாடுகளும் எளியதில் தொடங்கிக் கடினமானதற்குப் போயின. 1976-இல் கப்பல் கழிவும் எண்ணெய் அவசரமும். நிலத்திலிருந்து வரும் கழிவுக்கான நெறிமுறை 1980-இல்தான். நிலக்கழிவில் கை வைத்தால் ஒவ்வொரு நாட்டின் நகராட்சியும் ஆலையும் உள்ளே வந்துவிடும் என்பதால் அந்த வரிசை.

பால்டிக் இன்றும் முழுக்கத் தேறவில்லை. அடிச்சேற்றில் படிந்த பாஸ்பரஸ் இன்னும் கசிகிறது. பாக் விரிகுடாவின் நீர் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் நமக்கு அந்த அளவு தாமதம் நேராது. இது நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

நம் கடலில் எங்கே தொடங்கலாம்?

மீன்பிடிப் பிரச்சினைக்காக இரு நாடும் 2016-இல் அமைத்த கூட்டுப் பணிக்குழு இருக்கிறது. கைது, படகு விடுவிப்பு, இழுவைமடி ஆகிய மூன்றிலேயே அதன் நேரம் கரைகிறது. எல்லைச் சண்டை தீர்ந்தால்தான் மாசைப் பேசலாம் என்று காத்திருந்தால் இரண்டும் நடக்காது. அதே குழுவின் கீழ் அளவீட்டுக்கு ஒரு துணைக்குழு அமைக்கப் புதிய ஒப்பந்தம் தேவைப்படாது. அதன் வேலைகள்:

1. ஒரே வாளித் தண்ணீர். ஒரே இடத்தில் எடுத்த நீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்திலும் மற்றொன்றை இலங்கையின் நீர்வாழ் வள ஆய்வு நிறுவனமான நாராவின் ஆய்வகத்திலும் சோதிக்க வேண்டும். ஒருவர் நைட்ரேட் என்றும் மற்றவர் நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜன் என்றும் எழுதினாலே எண் 4.4 மடங்கு மாறும். இதைச் சரிசெய்யாமல் இரு நாட்டுப் புள்ளிவிவரத்தைப் பக்கத்தில் வைத்தால் வீண் சண்டைதான் வரும்.

2. ஒரே நேரம். ஆக்சிஜனை நண்பகலில் அளந்தால் கடற்புல்லும் பாசியும் வெயிலில் வெளியிட்டதும் சேர்ந்து அதிகமாகக் காட்டும். மீன் சாவது விடியலுக்கு முன். அளவும் அப்போதுதான் எடுக்கப்பட வேண்டும். மாதிரியைப் போத்தலில் குமிழி இல்லாமல் நிறைத்து, படகிலேயே ரசாயனம் சேர்த்து நிலைப்படுத்த வேண்டும். கரைக்கு வந்து பார்க்கலாம் என்று வைத்தால் வழியிலேயே அளவு மாறிவிடும்.

3. ஒரே நூறு மீட்டர். தனுஷ்கோடியில் 100 மீட்டர், தலைமன்னாரில் 100 மீட்டர் கரையைக் குறித்துக்கொண்டு, ஆண்டுக்கு நான்கு முறை அதே இடத்தில் ஒதுங்கியதை வகைபிரித்து எண்ண வேண்டும். இடம் மாறினால் எண்ணுக்குப் பொருள் இல்லை. அடுத்த கப்பல் விபத்தில் இழப்பீடு கேட்க இந்த நோட்டுப் புத்தகமே சாட்சி.

4. மிதவை அட்டைகள். எண் எழுதிய மரப்பலகைத் துண்டுகளைப் பருவத்துக்கு ஒருமுறை பாம்பனிலும் மன்னாரிலும் மிதக்கவிட்டு, கண்டெடுப்பவர் எந்த நாள், எந்த இடம் என்று சொல்லச் செய்யலாம். இரு கரையிலும் பேசுவது தமிழ் என்பதால் ஒரே வாசகம் போதும். பால்டிக் நாடுகளுக்குக் கிடைக்காத வசதி இது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் இரு கரை மக்களும் கூடும்போது இதன் முடிவுகளை ஒரு பலகையில் எழுதி வைக்கலாம்.

5. நேரடித் தொலைபேசி. மண்டபத்துக் கடலோரக் காவல்படை நிலையத்துக்கும் மன்னார்ப் பக்கப் பொறுப்பாளருக்கும் இடையே, எண்ணெய் கண்ட ஒரு மணி நேரத்துக்குள் இடம், நேரம், பரப்பு, நிறம், காற்றுத் திசை என்ற ஐந்தையும் சொல்லும் வழக்கம் வேண்டும். யார் தவறு என்பது அந்த அழைப்பில் வரக்கூடாது. அது வந்தால் அடுத்த முறை யாரும் அழைக்க மாட்டார்கள்.

6. இறங்குதளப் பொறுப்பு. பழைய ஆயிலும் கிழிந்த வலையும் எடை போட்டு வாங்கப்பட வேண்டும். கொடுப்பவருக்குச் சிறு தொகையாவது உடனே கையில் கிடைக்க வேண்டும். பீப்பாய் முக்கால் நிறையும்போதே எடுத்துப்போகும் ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

முதல் நான்கும் செலவு குறைந்தவை. தொடங்கும் நாள்தான் முக்கியம். கச்சான் ஓய்ந்து வாடை எழுவதற்கு இடைப்பட்ட புரட்டாசியில் ஒரு முறை, வாடை அடங்கிய மாசியில் ஒரு முறை இரு கரையிலும் அளந்தால், எந்தப் பருவத்தில் யார் பக்கத்திலிருந்து எவ்வளவு வந்தது என்ற முதல் பொதுக்கணக்கு ஒரே ஆண்டில் கைக்கு வந்துவிடும். யார் கணக்கு என்ற மூன்றாவது கேள்விக்கு அந்தப் பொதுக்கணக்குதான் பதில்.